காகித விளையாட்டுத் தளம்

காகித விளையாட்டுத் தளம் என்பது காய் நகர்த்தி ஆடும் ஆட்டங்களுக்கு நிலமாக அமையும் அச்சுத்தாள், அட்டைத் துண்டு, காகித உருவம் ஆகியவற்றின் பொதுப்பெயர். தமிழ்நாட்டில் இதன் பழகிய வடிவம், வைகுண்ட ஏகாதசி இரவில் விரிக்கும் பரமபத சோபான படம். மேலை நாடுகளில் 1970களுக்குப் பின் பரவிய கற்பனைப் பாத்திர ஆட்டங்களில் நிலவறையும் காடும் கோட்டையும் அச்சிட்ட துண்டுகளாக இது வேறு உருவம் கொண்டது. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. ஆனால் கால் பதிக்க முடியாத ஓர் உலகைத் தாளில் கட்டம் பிரித்துக் காயை நடக்கவிடும் வேலை இரண்டுக்கும் பொது. அந்த நிலத்துக்கு யார் பெயரிடுவது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கல்லும் தாளும்

தமிழகக் கோயில் மண்டபங்களின் கல் தரையில் ஆடு புலி ஆட்டம் முதலியவற்றுக்கான கோடுகள் கீறப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அவ்வாட்டங்களுக்குக் கோடும் சந்திப்பும் போதும். பரமபதத்துக்கு அவை போதா. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வேண்டும், படம் வேண்டும், கட்டங்களைத் தாண்டி வளையும் பாம்பும் சாய்ந்து ஏறும் ஏணியும் வேண்டும். ஆகவே இது துணியிலும் தாளிலும் தீட்டப்பட்டு, பின்னர் அச்சுக்கு வந்தது.

இதன் வடஇந்திய உறவான ஞான சௌபருக்கு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியப் பிரதிகள் உள்ளன. சமணர் பலகைகளில் 84 கட்டங்களும், வைணவர் பலகைகளில் பெரும்பாலும் 72 கட்டங்களும், சூஃபி மரபுப் பலகைகளில் 101 கட்டங்களும் அமைந்தன. கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இப்பலகைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது.

பரமபத சோபான படம்

தமிழ்ப் படங்களில் கட்டங்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். அடிவரிசைகளில் விலங்கு, பறவைப் பிறவிகள், நடுவில் நற்குணங்களும் தீக்குணங்களும், மேலே தேவ உலகங்கள், உச்சியில் வைகுண்டம். காய் ஒரு வரிசையில் இடமிருந்து வலமும் அடுத்ததில் வலமிருந்து இடமுமாக ஏறும். நற்செயல் எழுதிய கட்டத்தில் ஏணி. பாம்புகள் சிலவற்றுக்கு அசுரர் பெயர். பாம்பின் வாயில் விழுந்த காய் வால் முடியும் இடத்துக்கு, பெரும்பாலும் ஒரு விலங்குப் பிறவிக்கு, இறங்கும். வைகுண்டத்தை ஒட்டிய மேல்வரிசையில் மிக நீண்ட பாம்பு காத்திருக்கும்.

உருட்டுவதற்குப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றும் நீண்டு, நான்கு பக்கம் கொண்டது. மூன்று பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகள், நான்காவது வெறுமை. ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையானால் 12. தாயம் விழும்வரை காய் தாளில் இறங்காது. கட்டை இல்லாத வீட்டில் சோழி உருளும். அதுவும் இல்லையென்றால், புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளை தெரிந்ததும் உருட்டுவார்கள்.

ஏகாதசி விரதத்தில் இரவு முழுதும் கண்விழிக்க வேண்டும் என்பதே இவ்வாட்டம் நிலைத்ததற்குப் பெரிய காரணம். திறமைக்கு வேலை இல்லாததால் பாட்டியும் பேரனும் சமமாக ஆடலாம். உச்சியை நெருங்கியவரும் ஒரே உருட்டில் பன்றியாகவோ குரங்காகவோ கீழே வருவதால் ஆட்டம் எளிதில் முடியாது. விடியும்வரை விழித்திருக்க வேண்டியவர்களுக்கு அதுதான் தேவை.

படியேறிப் பெருமாளை அடைவதைக் கோயிலிலும் காணலாம். காஞ்சிபுரம் முத்தி தரும் ஏழு நகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. 14 திவ்ய தேசங்களைத் தன்னுள் கொண்டது. சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளை அத்திகிரி என்னும் குன்றின் 24 படிகள் ஏறிச் சேவிக்கிறார்கள். காயத்ரி மந்திரத்தின் 24 எழுத்துகளே அப்படிகள் என்பது மரபு. இப்படிப் படியேறிப் பெருமாளை அடையும் எண்ணத்தையே பரமபதத் தாளும் வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டுகிறது.

பெயர் போன கட்டங்கள்

இந்திய ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வணிகப் பொருளானது. 1892இல் ஃபிரெடரிக் ஹென்றி ஏர்ஸ் ‘ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்ற பெயரில் அதைப் பதிவு செய்தார். தொடக்கப் பலகைகளில் விக்டோரியா கால நீதிப் படங்கள் இருந்தன. நாளடைவில் அவையும் மறைந்து 1 முதல் 100 வரையிலான எண்களே மிஞ்சின. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943இல் பாம்பை நீக்கிச் சறுக்குமரம் வைத்தது. ஒரு பக்கம் லூடோவும் மறுபக்கம் பாம்பு ஏணியுமாகத் தமிழ்ச் சிறுவர் கையில் வந்து சேர்ந்த அட்டை, இந்தப் பெயரிழந்த வடிவமே.

போர்ப்படமும் நிலவறையும்

ஐரோப்பாவில் மாற்றி அடுக்கும் நிலத்தளம் படைப்பயிற்சியிலிருந்து வந்தது. கியோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812இல் பிரஷ்ய மன்னருக்கு அளித்த போர் ஆட்ட மேசையில் ஆறு, சாலை, மேடு தீட்டிய ஓடுகளை வேண்டியபடி அடுக்கலாம். அவர் மகன் 1824இல் வெளியிட்ட வடிவம் ஓடுகளைக் கைவிட்டு, 1:8000 அளவில் வரைந்த வரைபடத் தாளுக்கு மாறியது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் போர் ஆட்ட மரபிலிருந்து உருவாக்கிய கற்பனைப் பாத்திர ஆட்டமான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதையை நடத்துபவர் நிலவறையின் அறைகளையும் வழிகளையும் கிராஃப் தாளில் தாமே வரைந்துகொண்டார். அந்தத் தாள் பட்டு நெசவு ஊரான காஞ்சிபுரத்துக்கும் பழக்கமானது. ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்தும் முன், சேலையின் கரையையும் முந்தானையையும் புட்டாவையும் டிசைன் வரைபவர் அதில்தான் கட்டம் கட்டமாக நிரப்பி வந்தார். நெசவில் ஒரு கட்டம் தவறினால் பட்டில் பூவின் உருவம் சிதையும். நிலவறைத் தாளில் தவறிய கட்டம் எதிர்பாராத ஒரு கதவாகிவிடலாம்.

1976இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை’ வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் ‘டஞ்சன் ஜியோமார்ஃப்ஸ்’ தாள்களை வெளியிட்டது. அவற்றை வெட்டி எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு துண்டின் வழி அடுத்ததன் வழியோடு சேரும். 1980இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் மடித்து நிறுத்தும் அட்டை வீரர்களைக் கொண்டுவந்தது. 2000க்குப் பின் பிடிஎஃப் கோப்பும் வீட்டுப் பிரிண்டரும் இத்தகைய துண்டுகளை அச்சிடுவதை எளிதாக்கின. இத்துண்டுகள் பலவற்றில் ஓர் அங்குலக் கட்டம் கதையில் 5 அடி. அச்சிடும்போது ‘பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தேர்வை நீக்காவிட்டால் அங்குலம் குறையும். வேறு தொகுப்பின் துண்டோடு வழி பொருந்தாது. கெட்டித் தாளில் அச்சிட்டு, மடிப்புக் கோட்டை மழுங்கிய கத்தியால் கீறி ஒட்டினால் சுவரும் படிக்கட்டும் எழும்பும். கட்டங்களில் எந்தப் பெயரும் இராது; அங்கே என்ன இருக்கிறது என்பதை ஆடுபவர்கள் அன்றன்று முடிவு செய்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக் காகித நிலம்

தாளை மேடாகவும் உருவாகவும் எழுப்பும் பழக்கம் காஞ்சிபுரத்தில் நவராத்திரிக் கொலு வழியாக வாழ்கிறது. பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணோடு காகிதக்கூழாலும் பொம்மை செய்கிறார்கள். பசை சேர்த்த கூழை முன்பாதி, பின்பாதி அச்சுகளில் அழுத்தி, உலர்த்தி, ஒட்டி, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவர். எடை குறைவு என்பதால் இவற்றை வெளியூருக்கு அனுப்புவது எளிது. 2019இல் வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திமரத் திருவுருவமான அத்திவரதர் அங்குள்ள அனந்தசரசு குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் காட்சி தந்த ஆண்டில் அத்திவரதர் பொம்மை கொலுப்படிகளில் புதிதாக இடம்பிடித்தது.

படிகளுக்குக் கீழே வீட்டார் அமைக்கும் ‘பார்க்’ முழுமையான ஒரு நிலத்தோற்றம். கசக்கிப் பசையிட்ட பழுப்புத் தாள் மலை, முளைவிட்ட கடுகு வயல், கண்ணாடித் துண்டு குளம். விதி கிடையாது, தாயம் கிடையாது. எங்கே ஊர், எங்கே கோயில் என்பதை வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் புதிதாக வகுக்கிறார்கள்.

இன்றைய நிலை

பரமபதத் தாள் இன்றும் பூசைச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. மரபு விளையாட்டுகளை மீட்கும் முயற்சியாளர்கள் அதைத் துணியிலும் அச்சிடுகிறார்கள். தாளின் பலவீனம் மடிப்பு. நான்காக மடித்த படத்தில் மடிப்பு சந்திக்கும் நடுக்கட்டங்களே முதலில் கிழியும். கிழிந்ததை எறிந்து அடுத்த மார்கழியில் வேறு வாங்கிவிடலாம் என்னும் மலிவுதான் இதை எல்லா வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. அதே மலிவால், அரண்மனைகளுக்குத் தீட்டிய பலகைகள் அருங்காட்சியகங்களில் இருக்க, வீட்டுக்கு வீடு ஆடிய அச்சுத்தாள்களைச் சேர்த்து வைத்தவர் சிலரே.