சாலைப் போக்குவரத்துச் சின்னங்கள்

வண்டி ஓட்டுபவருக்கும் நடந்து செல்பவருக்கும், படத்தாலும் வடிவத்தாலும் நிறத்தாலும் கட்டளையோ எச்சரிக்கையோ தகவலோ தரும் சாலையோரப் பலகைகள் போக்குவரத்துச் சின்னங்கள் எனப்படும். இந்தியாவில் இவற்றின் உருவங்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. பலகையின் அளவு, நிறம், நடும் இடம் முதலியவற்றை இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 67 என்ற விதித்தொகுப்பு வகுக்கிறது. எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் எடுக்கப் போகிறவர்கள் முந்தின நாள் இரவு ஒவ்வொரு படமாக உருப்போடுவதைப் பார்க்கலாம். அவ்வளவு பாடு தேவையில்லை. இந்தச் சின்னங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு; அது பிடிபட்டால் முன்பின் பார்த்திராத பலகைக்கும் பாதிப் பொருள் சொல்லிவிடலாம்.

வட்டம் கட்டளையிடுகிறது, முக்கோணம் எச்சரிக்கிறது, செவ்வகம் தகவல் சொல்கிறது. வட்டத்துக்குள் நிறம் இன்னொரு வேலை பார்க்கிறது. சிவப்பு விளிம்பு இருந்தால் ஏதோ ஒன்று கூடாது என்று பொருள். முழுதும் நீலமாக இருந்தால் செய்தே ஆக வேண்டும் என்று பொருள். ஒரே ஹார்ன் படத்தை இரண்டு விதமாகப் போட்டிருப்பதைக் கவனித்தால் இது விளங்கும். மருத்துவமனை வாசலில் சிவப்பு வட்டத்துக்குள் ஹார்ன், அதன்மேல் குறுக்குக் கோடு: அடிக்காதே. மலைப்பாதையில், எதிரே வருவது தெரியாத திருப்பத்தில் நீல வட்டத்துக்குள் அதே ஹார்ன்: அடித்துவிட்டுத் திரும்பு. படம் மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது.

குறுக்குக் கோடு இல்லாவிட்டாலும் சிவப்பு வட்டம் தடைதான் என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை. சிவப்பு வட்டத்துக்குள் 40 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதே எண் நீல வட்டத்துக்குள் இருந்தால் அதற்குக் குறையக் கூடாது. ரயில் பாலத்துக்கு அடியில் செல்லும் சாலைகளில், எண்ணுக்கு மேலும் கீழும் முக்கோண முனைகள் வரைந்த வட்டம் உயர வரம்பைக் காட்டும். முனைகள் இடமும் வலமும் இருந்தால் அது அகல வரம்பு. கூரையில் மூட்டை அடுக்கிய வேனுக்கு, முனைகள் மேலும் கீழும் உள்ள பலகைதான் முக்கியம்.

கட்டளைச் சின்னங்களில் இரண்டு மட்டும் வட்டத்தை விட்டு விலகி நிற்கின்றன. ஒன்று எண்கோண வடிவிலான ‘நில்’ பலகை. மற்றொன்று முனை கீழ்நோக்கிய முக்கோணமாக உள்ள ‘வழி விடு’ பலகை. வேறு எந்தச் சின்னத்துக்கும் இந்த வடிவங்கள் இல்லை. அதனால் சேறு படிந்திருந்தாலும், சுவரொட்டி மறைத்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும்கூட அடையாளம் தெரியும். எண்கோணம் 1920களில் அமெரிக்காவில் பிறந்தது. முதலில் அது மஞ்சளாகத்தான் இருந்தது. 1954இல்தான் அங்கே சிவப்பானது. மலேசியாவில் அதே சிவப்பு எண்கோணத்தில் ‘பெர்ஹெந்தி’ என்று மலாயில் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாதவரும் நின்றுவிடுவார். வழி விடு பலகையைக் கண்டால் பிரதான சாலையில் வருபவரைப் போகவிட்டுப் பிறகு நுழைய வேண்டும். சாலை காலியாக இருந்தால் நிற்காமலே நுழையலாம். நில் பலகைக்கு அந்தச் சலுகை கிடையாது. சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் சுழல்வது நிற்க வேண்டும். இதை மீறுவதைச் சட்டத்தின் 184ஆம் பிரிவு சிவப்பு விளக்கைத் தாண்டுவதோடு சேர்த்து ஆபத்தான ஓட்டுதலில் வைத்திருக்கிறது. நம் ஊர்களில் இந்தப் பலகைக்கு ஹார்ன் அடித்துக்கொண்டே கடப்பதுதான் மரியாதையாக இருக்கிறது.

அதிகம் குழப்புவது நிறுத்தம் பற்றிய இரட்டைச் சின்னங்கள். இரண்டுமே நீலப் பின்னணியும் சிவப்பு விளிம்பும் கொண்ட வட்டங்கள். ஒற்றைச் சாய்கோடு என்றால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் ஆளை இறக்கவும் நிற்கக் கூடாது. ‘ஒரு நிமிஷம்தான் சார் நிறுத்தினேன்’ என்று சொல்பவர், தன் தலைக்கு மேலே இருந்தது ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்திருந்தால் வாக்குவாதத்துக்கே இடமிராது.

எச்சரிக்கைச் சின்னங்கள்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தவை. 1909இல் பாரிஸில் கூடிய நாடுகள் மோட்டார் வண்டிகளுக்காக ஒப்புக்கொண்ட நான்கு குறிகள் மேடு, வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட் ஆகியவை. நூறாண்டு கடந்தும் நான்கும் வழக்கில் உள்ளன. எச்சரிக்கைக்குச் சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம் என்பது ஐரோப்பிய மரபு. இந்தியாவும் சிங்கப்பூரும் அதைப் பின்பற்றுகின்றன. மலேசியா அமெரிக்கப் பாணியில் மஞ்சள் சாய்சதுரத்தை வைத்துக்கொண்டது.

லெவல் கிராசிங்குக்கு இரண்டு முக்கோணங்கள் உண்டு. வேலிக் கதவு வரைந்திருந்தால் கேட் கீப்பர் இருக்கிறார். எஞ்சின் வரைந்திருந்தால் ஆளில்லை, நாமே இருபுறமும் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் சாய்வான சிவப்புப் பட்டைகள் இரண்டு இருந்தால் தண்டவாளம் 200 மீட்டரில், ஒன்று இருந்தால் 50 முதல் 100 மீட்டருக்குள். வரைந்திருப்பது நீராவி எஞ்சின். அதை நேரில் பார்க்க இன்று ஊட்டி மலை ரயிலைத் தேடித்தான் போக வேண்டும். அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டுகளும் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் எல்.எல்.ஆர். தேர்வில் அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எச்சரிக்கைப் பலகை ஆபத்துக்கு முன்பே, வேகத்தைக் குறைக்க அவகாசம் தரும் தூரத்தில் நிற்க வேண்டும். வேகத்தடையின் தலைமாட்டிலேயே நட்டுவைத்த பலகை, ஏன் தூக்கிப் போட்டது என்று பிறகு விளக்கம் சொல்லத்தான் உதவும். மலைச்சாலைகளில் நிலைமை மேல். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று எண் எழுதியிருப்பதால், பின்சீட்டில் தலைசுற்றி உட்கார்ந்திருப்பவருக்கும் இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரியும்.

தகவல் சின்னங்களுக்கு விளக்கம் அதிகம் வேண்டாம். நீலச் செவ்வகத்தில் பெட்ரோல் பம்ப் என்றால் பெட்ரோல் பங்க், கோப்பை என்றால் சிற்றுண்டி, குறுக்காக வைத்த கத்தியும் முள்கரண்டியும் என்றால் சாப்பாட்டுக் கடை. பரோட்டாவைக் கையால் பிய்த்துப் போடும் நெடுஞ்சாலைக் கடைக்கும் அதே முள்கரண்டிதான்! தேசிய நெடுஞ்சாலைகளில் ஊர்ப்பெயரும் தூரமும் காட்டும் பெரிய பலகைகள் பச்சை நிறத்தில் இருக்கும்.

இரவில் இவை மின்சாரம் இல்லாமலே ஒளிர்வதற்குக் காரணம், மேலே ஒட்டியுள்ள தாளில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டகங்கள். அவை ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. பலகையின்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி விழுந்தால் இந்த ஏற்பாடு முழுதும் வீண். சட்டத்தின் 116ஆம் பிரிவு, சின்னத்தை மறைக்கும் விளம்பரத்தை அகற்றக் காவல் துறைக்கு அதிகாரம் தருகிறது. வேண்டுமென்றே சின்னத்தைச் சிதைப்பதையும் தடுக்கிறது. வண்டி இடித்துத் தற்செயலாகப் பலகை பயனற்றுப் போனாலும், இடித்தவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதே பிரிவு.