ஃபயர்பால் விழுந்தா யார் யாருக்கு அடி? ஒரு வட்டத்தின் வரலாறு

1/ டியூட்டி இல்லாத ராத்திரிகள்ல நாங்க நாலு டாக்டருங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். சண்டை எப்பவும் ஒரே இடத்துலதான்: "என் ஆளு அந்த வட்டத்துக்குள்ள இல்லவே இல்ல!" இந்தச் சண்டைக்கு 200 வயசுன்னா நம்புவீங்களா?

2/ 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். பீரங்கி சுட்டால் எவ்வளவு சேதம்? நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்துச் சொல்வார்.

3/ 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' எழுதினார்கள். மந்திரவாதியின் தீப்பந்து எவ்வளவு இடத்தை எரிக்கும்? கல்லெறியும் பெரிய கவண்பொறியின் அடிபரப்பையே கொடுத்துட்டாங்க. மின்னலுக்கு பீரங்கியோட பரப்பு. மந்திரவாதின்னா நடமாடும் பீரங்கி, அவ்வளவுதான்!

4/ இப்ப நம்ம ஊர். போச்சம்பள்ளி அடங்கிய பாராமகால் 1792 வரை ஹைதர், திப்பு கையில். அவங்க ராக்கெட் இரும்புக் குழாயும் மூங்கில் கழியும். தனி ஆளைக் குறிவைக்க முடியாது, கூட்டத்தைப் பார்த்து விடணும். 1780-ல் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகளே வெடித்தன. படை தோற்றது. வட்டத்துக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம்.

5/ 1974-ல் வந்த முதல் டி அண்ட் டி-யிலேயே, மூடிய இடத்தில் தீ அந்த இடத்தின் வடிவத்துக்குப் பரவும். 1978 விதியில் கணக்கே உண்டு: சுமார் 33,000 கன அடி. சின்ன அறைக்குள்ள போட்டா, மிச்சத் தீ வாசல் வழியா போட்டவனையே தேடி வரும். 2014 பதிப்பில் இது இல்ல. 20 அடி ஆரம், முடிஞ்சது.

6/ டாக்டரா சொல்றேன், பழைய விதிதான் உண்மைக்குக் கிட்ட. மூடிய இடத்தில் வெடியழுத்தம் சுவரில் மோதித் திரும்பும். செவிப்பறை, நுரையீரல் வரை பாதிக்கும். 2023 அக்டோபரில் நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீ ஞாபகம் இருக்கா? விளையாட்டுல சேவிங் த்ரோ ஜெயிச்சா பாதி அடி. அங்க அது கிடையாது.

7/ நீங்க கேம் நடத்துறவரா? பகடைக்கு முன்னாடி வட்டத்தை வரைங்க. உள்ள யார் யார்னு சத்தமா சொல்லுங்க, நம்ம ஆளுங்க உட்பட. "சரியா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. அப்புறம் உருட்டுங்க. உருட்டின பிறகு கோட்டை நகர்த்தாதீங்க.