இடைகழி: செருப்பைக் கழற்றும் இடத்தின் பெயர்

தர்மபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி தன் புழு வளர்ப்பு மனைக்குள் யாரையும் நேராக விடமாட்டார். முதலில் சிறிய முன்னறை. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், கிருமிநாசினியில் நனைத்துப் போட்ட சாக்கின் மேல் காலை வைத்து எடுக்க வேண்டும், கை கழுவ வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு இருக்கும். 2 சதவீதம் பிளீச்சிங் பவுடரும் 0.3 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கரைசலைத்தான் கிருமி நீக்கத்துக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். வெளிமண்ணோடு பால்புழு நோயோ சுண்ணக்கட்டு நோயோ உள்ளே வந்துவிட்டால், கூடு கட்டும் நேரத்தில் அந்த பேட்ச் முழுக்கக் கைவிட்டுப் போகலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவே அறை இருப்பதால் ஊசி ஈ நேராக உள்ளே பறந்துவிடவும் முடியாது.

அதே தோட்டத்தில் குடும்பம் குடியிருக்கும் வீடு புதிதாகக் கட்டியதென்றால், அதில் இப்படி ஓர் இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. போர்டிகோவில் பைக் நிற்கிறது. கதவோரம் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஐப்பசி மழையில் மல்பெரிக் கொல்லையின் செம்மண் நேரே ஹால் டைல்ஸுக்கு வந்து சேர்கிறது. பனியும் சேறும் அதிகமுள்ள அமெரிக்க ஊர்களில் இதற்கென்றே ஓர் அறை கட்டி அதை ‘மட்ரூம்’ என்கிறார்கள். உட்கார்ந்து காலணி கழற்ற ஒரு பலகை, கோட்டு மாட்டக் கொக்கிகள், ஈரம் வடிய ஒரு தட்டு, அவ்வளவுதான் அதன் சாமான்கள். நமக்கு அது புது யோசனை இல்லை. அந்த இடத்துக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: இடைகழி.

இடை என்றால் நடு. கழிதல் என்றால் கடந்து போதல். தெருக்கதவுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் கடந்து போகும் பகுதி இடைகழி. தஞ்சாவூர்ப் பக்கத்து ‘ரேழி’ இதே சொல்தான். வேகமாகச் சொல்லச் சொல்லக் ககரம் தேய்ந்து, டகரம் ரகரமாகி, ‘இரேழி’ என்று அகராதி ஏறியது. வடமொழியில் வாசற்படிக்கு வழங்கும் ‘தேஹளி’யையும் இடைகழியையும் வைணவ மரபு ஒன்றாகவே பார்த்தது. திருக்கோவிலூர்ப் பெருமாளைப் பாடிய வேதாந்த தேசிகர் தம் நூலுக்கு ‘தேஹளீச ஸ்துதி’ என்று பெயரிட்டார். இடைகழிக்கு இறைவன் என்பது அதன் பொருள்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் திருக்கோவிலூரைத் தவிர்க்கவே முடியாது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில், அங்கே ஒரு வீட்டு இடைகழியில் ஒருவர்பின் ஒருவராக வந்து ஒதுங்கினார்கள் என்பது குருபரம்பரைக் கதை. அந்த இடத்தில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். மூவரும் நின்றபோது நான்காவதாக ஒருவர் நெருக்க, அது இறைவன் என்று உணர்ந்தார்கள். பக்திக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனாலும் ஒரு வீட்டு இடைகழியின் அளவும், அது யாருக்காக இருந்தது என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. நனைந்து வந்த அந்நியர் வீட்டுக்காரரைக் கேட்காமலே நிற்க உரிமையுள்ள இடம் அது. முதல் திருவந்தாதியின் 86ஆம் பாட்டில் பொய்கையார் அந்தச் சொல்லையே ஆள்கிறார். இறைவனும் திருமகளும் வாயிலுக்கு வெளியே போகாமலும் வீட்டின் உள்ளே புகாமலும் கோவலூர் (திருக்கோவிலூர்) இடைகழியைப் பற்றி நின்றார்கள் என்கிறார். இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

திருக்கோவிலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை, கம்பைநல்லூர், இருமத்தூர் பக்கமாகத் தர்மபுரி மாவட்டத்தைக் கடந்து, சாத்தனூர் அணை தாண்டித்தான் அங்கே போகிறது. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதைப் புறநானூறு பேசுகிறது. அதியனின் கொடையைச் சொல்லும் தமிழி எழுத்துக் கல்வெட்டு 1981இல் கண்டுபிடிக்கப்பட்டதும் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில்தான். இடைகழியின் ஊரும் தகடூரும் ஓர் ஆற்றாலும் ஒரு போராலும் அந்தக் காலத்திலேயே கட்டுண்டவை.

ஆனால் தர்மபுரிப் பேச்சில் இடைகழி இல்லை. வாசல், திண்ணை, நடை என்ற மூன்றும் சேர்ந்தே அதன் வேலையைச் செய்தன. இதில் ‘நடை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். நடப்பதையும் குறிக்கும், நடந்து நுழையும் வழியையும் குறிக்கும். கோயிலில் நடை திறப்பதும் சாத்துவதும் எல்லோரும் அறிந்தது. திண்ணையோ திண்மையோடும் திண்டோடும் சேர்த்து எண்ணத்தக்கது. பட்டினப்பாலை ஓரிடத்தில் ‘திணை’ என்ற வடிவத்தையே திண்ணைக்கு ஆள்கிறது. ஒளிரும் சுவருள்ள நல்ல வீட்டின் உயர்ந்த திணையில் கிளி இருந்து மிழற்றுகிறது. மாவட்டத்தில் கன்னடம் பேசும் வீடுகளில் திண்ணைக்குப் பெயர் ‘ஜகலி’, தெலுங்கு பேசும் வீடுகளில் ‘அருகு’. ஒரே தெருவில் மூன்று பெயரில் வழங்கினாலும் வேலை ஒன்றுதான். கொல்லையிலிருந்து வந்தவர் வாசலில் சொம்புத் தண்ணீரில் கால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து ஆறி, மண்வெட்டியையும் கூடையையும் நடையில் சாத்திவிட்டு உள்ளே போவார்.

திண்ணைக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. 1792இல் தர்மபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தர்மபுரியில் தங்கி நிலவரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. 1799வரை இந்தப் பகுதியில் இருந்தார். பிறகு சென்னை ஆளுநரானபோது, 1822 ஜூனில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இவற்றில் ஏராளமானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஆங்கிலேயர் திண்ணையைப் ‘பியால்’ (pyal) என்று எழுதினார்கள். போர்ச்சுகீசியர் கல் இருக்கைக்கு வைத்திருந்த சொல்லின் திரிபு அது. அந்த மாணவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான்.

அந்தக் கடைசி எண்ணைக் கடந்து போக எனக்கு மனமில்லை. திண்ணை எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை என்பதை அது நினைவூட்டுகிறது. திண்ணையைப் புகழ்ந்து எழுதுபவர்கள், யார் அதில் ஏறலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற கணக்கும் அதே படிகளில்தான் நடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டியிருந்தவர்களுக்குத் திண்ணை ஓய்வெடுக்கும் இடமாக இருந்ததில்லை. ஆகவே பழைய வீட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியிலிருந்து வருகிற யாராக இருந்தாலும் ஈரத்தோடும் மண்ணோடும் வந்து நிற்க, உட்கார, கழுவ ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வீட்டு வரைபடத்தில் பெயரோடு இருக்க வேண்டும் என்கிறேன். பெயர் எழுதாத இடத்தைக் கொத்தனார் கட்டுவதில்லை. இன்றைய வரைபடங்களில் உள்ள ‘போர்டிகோ’ வண்டிக்கானது. ‘சிட்-அவுட்’ பெயரிலேயே உட்கார மட்டும் என்று சொல்லிவிடுகிறது, கால் கழுவுவது அதில் அடங்கவில்லை.

இடம் இல்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். தமிழ்நாடு அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்து வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை; மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். அந்த 60 சதுர அடியில் ஒரு நடையைக் கட்டிவிடலாம். தரை வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்வாக, வாசல் பக்கம் சரிவாக இருக்கட்டும். வழுக்காத கடப்பாக்கல் அல்லது சொரசொரப்பான டைல்ஸ் போதும். கீழே செருப்பு வைக்கத் திறப்புள்ள, முழங்கால் உயரத் திண்ணை ஒன்று. அதன் மேல் சுவரில் குடைக்கும் பள்ளிப் பைக்கும் ஹெல்மெட்டுக்கும் கொக்கிகள். கதவுக்கு வெளியே தாழ ஒரு குழாய், அதன் தண்ணீர் ஒரு வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ போகும்படி வாய்க்கால். கொக்கிகளில் இரண்டையாவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பைகள் தரையில்தான் கிடக்கும்.