மார்த்தா சேஸின் மிக்ஸி

பி.டெக். பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு. வைவாவில் முதல் கேள்வி: "மரபுப் பொருள் புரதம் இல்ல, டி.என்.ஏ.தான்னு காட்டின சோதனை எது?"

"ஹெர்ஷி சேஸ், சார்."

"அது எத்தனை பேர்?"

"ஒருத்தர், சார்."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இன்று நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். படித்த மூலக்கூறு மரபியலில் முக்கால்வாசி மறந்துபோச்சு. அந்தச் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை.

அது இரண்டு பேர். ஆல்ஃபிரெட் ஹெர்ஷி, மார்த்தா சேஸ். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம். கட்டுரை வெளிவந்தது 1952இல். அப்போது சேஸுக்கு வயது 24. கையில் இளங்கலைப் பட்டம் மட்டும். வேலை, ஆய்வு உதவியாளர்.

மரபுத் தகவல் டி.என்.ஏ.வில் இருக்கிறது என்பதற்கு 1944இலேயே ஆஸ்வால்ட் ஏவரியின் குழு வலுவான சான்று தந்திருந்தது. ஆனாலும் பலருக்குச் சந்தேகம். நான்கே எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. எங்கே, இருபது அமினோ அமிலங்களால் ஆன புரதம் எங்கே!

ஹெர்ஷியும் சேஸும் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவைத் தாக்கும் டி2 என்ற வைரஸை. அதில் இருப்பது கிட்டத்தட்ட இரண்டே பொருள்கள்: மேலே புரத உறை, உள்ளே டி.என்.ஏ. புரதத்தில் கந்தகம் உண்டு, டி.என்.ஏ.வில் கிடையாது. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, அந்தப் புரதத்தில் அநேகமாக இல்லை. ஆக, ஒரு தொகுதி வைரஸுக்குக் கதிரியக்கக் கந்தகம்-35, இன்னொரு தொகுதிக்குப் பாஸ்பரஸ்-32. ஆளுக்கொரு நிறச் சட்டை போட்டுவிட்டு யார் வீட்டுக்குள் போகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி.

சிக்கல், வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும் உறையைப் பிய்ப்பதில் இருந்தது. பாக்டீரியா உடையக் கூடாது; உறை மட்டும் கழல வேண்டும். அதற்குக் கைகொடுத்தது வாரிங் பிளெண்டர். நம்ம வீட்டு மிக்ஸியின் சொந்தக்காரன்தான். அதில் சுற்றி, பிறகு சென்ட்ரிஃபியூஜில் போட்டால் பாக்டீரியா அடியில் படியும், உறைகள் மேலே நீரில் நிற்கும். கந்தகத்தில் முக்கால் பங்குக்கு மேல் கழன்று வந்தது. பாஸ்பரஸின் பெரும்பகுதி பாக்டீரியாவோடு தங்கிவிட்டது. உறையை இழந்த பிறகும் உள்ளே புது வைரஸ்கள் பிறந்தன. இருவரும் அடக்கமாகத்தான் முடிவை எழுதினார்கள். அடுத்த ஆண்டே வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளோடு வந்துவிட்டார்கள்.

1969இல் மாக்ஸ் டெல்ப்ரூக், சால்வடோர் லூரியா இருவரோடு ஹெர்ஷிக்கு நோபல் பரிசு. சேஸுக்கு இல்லை. அந்தப் பரிசு இந்த ஒரு சோதனைக்கானது மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரையில் உதவியாளரின் பெயரையும் சேர்த்து வெளியிட்டவர் ஹெர்ஷிதான். அதனால்தான் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் நிற்கிறது. சேஸ் 1964இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிற்காலத்தில் நினைவாற்றலை இழந்து, 2003இல் இறந்தார்.

எங்கள் லேபிலும் ஒரு டெக்னீஷியன் அக்கா இருந்தார். முதன்முதலாக ஜெல்லில் டி.என்.ஏ. ஏற்றியபோது எனக்குக் கை நடுங்கியது. "தம்பி, டிப்ப குழிக்குள்ள குத்தாத. மேலாப்ல வச்சு மெதுவா விடு, சாயம் தானா எறங்கும்" என்றார். இறங்கியது. அன்று புற ஊதா விளக்கின் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த பட்டைகளில் பாதி அவர் கைப்பக்குவம். ரெக்கார்டு நோட்டில் நான் எழுதியது: "மாதிரி ஜெல்லில் இடப்பட்டது." யாரால் என்று எழுதவில்லை. அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது பார்க்கும் வேலையில், எந்த வரியை யார் எழுதினார் என்று கிட்டைக் கேட்டால் பெயரோடு சொல்லிவிடும். அந்த அக்காவின் பெயரை யாரிடம் கேட்பது? நான்கு வருடமும் அவரை "அக்கா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.