சொந்தத்துலயா?

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி. அண்ணன் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டினால் பிள்ளை திரும்புவதில்லை என்று முதலில் கவனித்தது ஆச்சிதான். காது டெஸ்ட் எல்லாம் முடிந்தபின், ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா டாக்டர். மாமா மகன்தான்" என்றாள் மைனி.

"படிச்சவங்கதானம்மா நீங்க?"

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். அவனும் படித்தவன்தான். அவனை யாரும் கேட்கவில்லை. புளியங்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் கடையநல்லூர் தாண்டும்வரை மைனி வாய் திறக்கவில்லை. சொக்கம்பட்டி பக்கம் வந்தபோது, "நாந்தான் கெடுத்துட்டனோ தம்பி?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மைனி எனக்கு அண்ணன் பெண்டாட்டி ஆவதற்கு முன்பே அத்தை மகள். தாத்தாவும் ஆச்சியும்கூட முறைதான். சொத்து வெளியே போகாது என்பதுதான் இதற்குக் காரணம் என்று நகரத்து நண்பர்கள் நினைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பெரிய சொத்து கிடையாது. எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டைக் கணக்கு எழுதிய குடும்பம். ஆச்சி சொல்லும் காரணம் வேறு: "தெரியாத வீட்டுல போயி எம் புள்ள ஏன் சீரழியணும்? அடிச்சாலும் புடிச்சாலும் மாமன் வீடுல்லா."

டாக்டரின் கேள்வி தப்பானது அல்ல. தமிழ்நாட்டில் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் கேஸ் ஷீட்டில் அந்தக் கேள்வி இருந்தே தீரும். நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எந்த வரி எப்போது, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி. இந்தக் கேள்வியையும் அப்படித் தேடிப்போனேன்.

*

தென்னாட்டு மனிதர்கள் மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிறார்கள் என்பதை ஒரு தனி வழக்கமாகக் குறித்துவைத்த பழைய நூல் பௌதாயன தர்மசூத்திரம். 2000 ஆண்டுகளுக்கு முன்பே வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் நெருங்கிய உறவுக்குள் மணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருக்கும் இடத்தில் செய்துகொள்ளலாம் என்று எங்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தது.

இதை நோயோடு சேர்த்து யோசித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1839இல் அவர் மணந்த எம்மா அவருடைய மாமன் மகள். பத்துப் பிள்ளைகள் பிறந்தன, மூன்று சிறுவயதிலேயே இறந்தன. தன் கல்யாணம்தான் காரணமோ என்ற பயம் அவரை விடவேயில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நெருங்கிய உறவில் மணந்தவரா' என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று முயன்றார். இங்கிலாந்து நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. பிறகு அவர் மகன் ஜார்ஜ் தரவுகளைத் திரட்டி, 1875இல் ஆபத்து பெரிதாகத் தெரியவில்லை என்று எழுதினார். உயிரினங்களின் தோற்றத்தையே விளக்கிய மனிதர் தன் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார் என்று படித்தபோது, எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது.

விடையின் முதல் நுனி 1902இல் கிடைத்தது. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காராட் ஆராய்ந்த அல்காப்டோனூரியா என்ற அரிய நோயில், குழந்தையின் சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். பெற்றோருக்கு நோய் இருக்காது. ஆனால் அவர்களில் பலர் நெருங்கிய உறவினர்களாக இருப்பதை அவர் கவனித்தார். மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட ஒடுங்கு பண்பு மனித நோயில் அடையாளம் காணப்பட்ட முதல் தருணம் அது.

எங்கள் வேலையில் முக்கியமான சர்வர் எதையும் ஒற்றையாக விடமாட்டோம். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். உடலும் அப்படித்தான். பெரும்பாலான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகின்றன. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையை ஓட்டிவிடும். நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பழுதான பிரதிகள் சில உண்டு, தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறோம். இரண்டு பிரதியிலும் ஒரே பழுது வரும்போதுதான் சிக்கல். கணவனும் மனைவியும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்றால், அந்தத் தாத்தாவிடமிருந்த பழுது இரு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகன், அத்தை மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, மரபணுக்களில் சராசரியாக 16இல் ஒரு பங்கு ஒரே முன்னோரிடமிருந்து இரட்டையாக வந்திருக்கும். தாய்மாமனைக் கட்டினால் 8இல் ஒரு பங்கு.

அண்ணன் மகளுக்கு வந்தது கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் பழுது. உள்காதில் பொட்டாசியம் போய்வருவதற்கான கதவு இந்தப் புரதம். 226 அமினோ அமிலங்களால் ஆனது. இந்தியாவில் பிறவிக் காதுகேளாமையில் அடிக்கடி தென்படும் பிழையில், 24ஆவது இடத்தில் 'நிறுத்து' என்ற கட்டளை வந்துவிடுகிறது. 226 வரி புரோகிராமில் 24ஆவது வரியில் யாரோ ரிட்டர்ன் போட்ட மாதிரி. ஒரே ஒரு எழுத்து மாறியதால் வந்தது. அண்ணனிடம் ஒரு பிரதி, மைனியிடம் ஒரு பிரதி. யாரும் யாரையும் கெடுக்கவில்லை.

*

ஆபத்து எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. 1970களில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் இருவரும் வட ஆற்காடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். அங்கே கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதிக் கல்யாணம் சொந்தத்தில்தான் நடந்திருந்தது. கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் எதிர்பார்த்த பெரிய வேறுபாடு தெரியவில்லை. பல தலைமுறைகளாக இப்படியே மணந்ததால், மோசமான பழுதுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோயிருக்கலாமோ என்று யோசித்தார்கள்.

இந்த முடிவை ஆச்சியிடம் சொன்னால் கொண்டாடியிருப்பாள். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு ஆறுதல் தரவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்து 2013இல் வந்த முடிவு: பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிறது. இரட்டிப்பு என்றும் சொல்லலாம். 100இல் 94 பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குதான். மைனியிடம் அன்று சொல்லப்பட்டது முதல் பாதி மட்டும். அதுவும் திட்டாக.

*

பிள்ளைக்குப் பிறகு ஆச்சி தன் சட்டத்தைத் தானே திருத்தினாள். "இனிமே சொந்தத்துல வேண்டாம்ல. நம்ம ஆளுகள்லயே வெளியில பாத்துக்கிடுவோம்."

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். அந்த வாக்கியத்தில் 'வெளியில' என்ற சொல் எவ்வளவு தூரம் போகிறது என்று அப்போது யோசிக்கவில்லை. அதை யோசிக்க வைத்தது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கதை.

1950களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் என்ற மருந்து ஆபரேஷன் தியேட்டர்களுக்கு வந்தது. நம்மூர் மயக்க மருத்துவர்கள் ஸ்கோலின் என்பார்கள். தசைகளைச் சட்டென்று தளர்த்தும். மூச்சுக்குழாயில் டியூப் இறக்க வசதி. ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் அதைச் சிதைத்துவிடும், நோயாளி தானாக மூச்சு விடுவார். சிலர் மட்டும் விடவில்லை. மணிக்கணக்கில் அசைவில்லாமல் கிடந்தார்கள். அவர்களிடம் அந்த நொதி பரம்பரையாகவே பழுது என்று டொராண்டோவில் வெர்னர் காலோ காட்டினார். மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவை ஆராயும் துறை உருவானதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

உலகில் மிக அரிதான இந்தக் குறை, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வாழும் வைசிய சமூகத்தில் அடிக்கடி தென்பட்டது. கோவையில் இந்துமதி மனோகரன், பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி ஆகியோர் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதன் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார்கள். நொதி அறவே இல்லாத அந்த மனிதர்கள் மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு மருந்து உள்ளே போகும் நாளில் மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பிழையைத்தான் ரொம்பப் பயப்படுவோம், எல்லா டெஸ்ட்டும் பாஸாகி லைவில் வெடிப்பது. மருத்துவர் முன்கூட்டி அறிந்திருந்தால் வேறு மருந்து தரலாம். தெரியாமல் தந்துவிட்டாலும் மருந்து வடியும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றலாம். விஷயம் தெரிந்திருப்பதுதான் வைத்தியம்.

இங்கே முக்கியமானது, 30 லட்சத்துக்கு மேல் இருக்கும் ஒரு சமூகம் இது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் சொந்தத்தில் கட்டாமலும் பெண் எடுக்கலாம். அப்படியிருந்தும் பிழை ஏன் இரட்டையாகச் சேர்கிறது?

பதில் 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து செய்த ஆய்விலிருந்து தெளியத் தொடங்கியது. இன்று லட்சக்கணக்கில் இருக்கும் ஒரு சாதி, ஒரு காலத்தில் சிறிய கூட்டமாக இருந்திருக்கலாம். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவரிடம் இருந்த பழுது, வெளியார் யாரும் கலக்காததால் நீர்த்துப்போகாமல், கூட்டம் பெருகும்போது தானும் பெருகுகிறது. வைசியர்களின் அந்தக் குறுகிய தொடக்கம் 100 தலைமுறைக்கும் முந்தையது என்று கணித்தார்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நிலத்தில் எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள், அதன்பின் கதவு சாத்தப்பட்டது என்றது.

2017இல் இதே குழு 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களில் 2800க்கும் அதிகமானோரின் மரபணுக்களைப் பார்த்தது. ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் பரம்பரை நோய்களுக்கு உதாரணமாகப் பாடப்புத்தகங்கள் காட்டும். அவர்களைவிடக் குறுகிய தொடக்கம் கொண்ட குழுக்கள் இங்கே 81 இருந்தன. அதில் 14 குழுக்களில் தலைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள். வைசியர்கள் ஒரு உதாரணம் மட்டும்தான். அவர்களைப் பற்றி நமக்குத் தெரியும், மற்றவர்களைப் பற்றி இன்னும் தேடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆச்சியின் 'வெளியில' ஒரு சுவருக்கு உள்ளே இருக்கிறது. வாசுதேவநல்லூரில் பார்க்கும் பெண் எங்கள் சொந்தம் இல்லை. ஆனால் 'நம்ம ஆளு' என்றால், ஏதோவொரு அளவில் அவளும் தூரத்து அத்தை மகள்தான்.

*

இதை ரத்தப் பரிசோதனை இல்லாமலே சொன்ன ஒருவர் உண்டு. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை, சாதியின் சாரம் அகமணம்தான் என்றது. தீட்டு, தொழில், படிநிலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கல்யாணச் சுவர்தான் சாதியை உண்டாக்குகிறது என்று காட்டினார். சுவர் நிஜமாகவே எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை மரபணுக்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அளந்து சொல்லின.

அதற்காக, நோய்க்குப் பயந்து சாதி மறுத்துக் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாதியை மறுக்க வேறு நல்ல காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன. கல்யாணத்தை நல்ல வித்து தேடும் வேலையாக ஆக்கினால் அது எங்கே போய் முடியும் என்று உலகம் பார்த்துவிட்டது. 1933இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரைக் காதுகேளாமையும் உண்டு. அண்ணன் மகள் அந்தப் பட்டியலில் வருவாள்.

மரபணுச் சோதனைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் யோசஃப் எக்ஸ்டைன் என்ற யூத மதகுரு டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோய்க்குத் தன் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1983இல் அவர் தொடங்கிய டோர் யெஷோரிம் அமைப்பு இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்து ஒரு எண்ணை மட்டும் தரும். முடிவைச் சொல்லாது. வரன் பார்க்கும்போது இரண்டு எண்களைக் கொடுத்தால், பொருந்துமா பொருந்தாதா என்பதை மட்டும் சொல்லும். அந்த ரகசியத்தில் இருக்கும் கருணை எனக்குப் புரிகிறது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் பழுதான பிரதி ஒன்று இருப்பதாக வெளியே தெரிந்தால், செவ்வாய் தோஷத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். மாப்பிள்ளையிடமும் ஒன்று இருக்கும் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள்.

*

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அண்ணன் மகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு மைனிதான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இப்போது அவள் என்னை ஃபோனில் "சித்தப்பா, எப்ப வருவ?" என்று அதட்டுகிறாள்.

போன பொங்கலுக்கு மைனியிடம் இதையெல்லாம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்ப அன்னைக்கு டாக்டர் கேட்டது?" என்றாள்.

"பாதிக் கேள்விதான் மைனி. அதையும் ஆள் பாத்துக் கேட்டாவ."

முறத்தைக் கீழே வைத்தாள். "இத அன்னைக்கு பஸ்ஸுல சொல்லியிருக்கலாம்லா."

எனக்கும் வரன் பார்க்கிறார்கள். அம்மா திறந்த மேட்ரிமோனி கணக்கில் 'சொந்தம் வேண்டாம்' என்று குறிப்பு எழுதியிருந்தாள். அதற்கு மேலே சாதிக் கட்டத்தில் எங்கள் சாதி மட்டும் இருந்தது. நான் அதை 'எதுவானாலும் சரி' என்று மாற்றினேன். மறுநாள் பார்த்தால் பழையபடி இருந்தது. மறுபடி மாற்றினேன். மறுபடி திருப்பிப் போட்டாள். மூன்று வாரமாக நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. கட்டம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.