ஒரே பிளேட், இரண்டு கை

திருகோணமலை நிலாவெளியில் ஏதாவது ஒரு சலூனில் உங்கள் கன்னத்தில் ஓடும் பிளேட்டும், பக்கத்துக் கடையில் வாங்கி வீட்டில் சேஃப்டி ரேசரில் பூட்டும் பிளேட்டும் ஒன்றுதான். இரண்டு ஓரமும் கூரான அதே மெல்லிய தகடு. சலூன்காரர் அதைக் கடதாசி உறையோடு நடுவால் முறித்து, பாதியைத் தன் கத்திக்குள் செருகுகிறார். வீட்டில் முழுதாகப் பூட்டுகிறோம். ஆகவே, "சேவ் எடுத்தால் கழுத்தெல்லாம் பருப் பருவாப் போடுது, எந்த பிளேட் நல்லது?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு பிளேட்டின் பெயரைச் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. ஒப்பிட வேண்டியது அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் கையையும், எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் ஆளையும்.

முதலில் அந்தப் பரு என்னவென்று பார்ப்போம். பலர் அதை முகப்பரு என்றும், சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நினைத்துக் களிம்பு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே திரும்பி வளரும் மயிர். மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். தாடி மயிர், அதிலும் தாடைக்குக் கீழே கழுத்தில் முளைப்பது, பலருக்குச் சுருள் கொண்டது. சவரம் செய்த மயிரின் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு ஊசிபோல் கூராகிவிடுகிறது. அந்தக் கூர்நுனி இரண்டு வழியாகத் தோலுக்குள் போகும். வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலைக் குத்தி இறங்குவது ஒரு வழி. தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட மயிர் வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போவது மற்றது. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள்ளாகவே எடுத்துக்கொண்டு சிவந்து, வீங்கி, சில வேளை சீழ் கட்டுகிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் வீக்கம் வற்றிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளிக்கொண்டே இருந்தால் தழும்பு தடித்துப்போகவும் கூடும்.

இந்த இரண்டாவது வழிதான் ஒப்பீட்டின் திறவுகோல். சவரம் எவ்வளவு மழமழப்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மயிர் தோலுக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கிறது.

இப்போது சலூன் கதிரைக்கு வருவோம். அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் நடப்பது உண்மையான கைத்தேர்ச்சி. ஒரு கையின் விரல்கள் தோலை இழுத்துப் பிடிக்க, மறுகை கத்தியைச் சாய்த்து ஓட்டுகிறது. மயிர் போகும் பக்கமாக ஒரு தரம் முடிந்ததும் மீண்டும் நுரை பூசி, "தம்பி, ரெண்டாம் தரமும் போடட்டோ?" என்று கேட்பார். பலர் கேட்பதுமில்லை, போட்டுவிடுவார்கள். இந்த இரண்டாவது ஓட்டம் எதிர்ப்பக்கமாக, கீழிருந்து மேலே போகும். கடைசியில் புறங்கையால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு எங்கேனும் இருந்தால் அந்த இடத்தில் இன்னொரு இழுப்பு. வாடிக்கையாளர் காசு கொடுப்பதே அந்த மழமழப்புக்குத்தான். நேரான மயிரும் தடித்த தோலும் உள்ளவருக்கு அது சுகம். பரு போடும் தோலுக்கோ அந்தத் தேர்ச்சியின் ஒவ்வொரு அங்கமும் கேடாக முடிகிறது. தோலை இழுத்துப் பிடித்து வெட்டும்போது மயிர் வெளியே நீண்டு நிற்கிறது. பிடியை விட்டதும் வெட்டுப்பட்ட நுனி மயிர்க்காலுக்குள் இறங்கிவிடுகிறது. எதிர்ப்பக்க ஓட்டம் அதை இன்னும் ஆழத்தில் வெட்டுகிறது. சலூன்காரரின் பிழை இதில் எதுவும் இல்லை. அவரிடம் நாம் கேட்டதை அவர் சரியாகச் செய்து தந்திருக்கிறார்.

வீட்டில் பலர் பயன்படுத்தும் பல பிளேட் ரேசரும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1971இல் ஜில்லட் இரண்டு பிளேட்டை ஒன்றாகக் கொண்டுவந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. முதல் பிளேட் மயிரைப் பற்றிச் சற்று வெளியே இழுக்க, அது திரும்பி உள்ளே போகுமுன் அடுத்தது வெட்டுகிறது. தோலுக்குக் கீழே வெட்டுவதையே இலக்காகக் கொண்ட அமைப்பு அது. ஆகவே, சலூனிலிருந்து பல பிளேட் ரேசருக்கு மாறியவருக்குக் கழுத்தில் ஒன்றும் மாறாததில் வியப்பில்லை.

சேஃப்டி ரேசர் இவற்றிலிருந்து எங்கே விலகுகிறது? கிங் கேம்ப் ஜில்லட் அதை விற்கத் தொடங்கிய 1903இல் 51 ரேசரும் 168 பிளேட்டுமே விலைபோயின. மறுவருடம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சவரத்தை நாவிதரின் கதிரையிலிருந்து வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோவதே அந்தக் கருவியின் நோக்கம். ஒரே பிளேட், மேலே ஒரு மூடி, கீழே தோலைத் தாங்கும் ஒரு தடுப்பு. கூர் எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தலையின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது. பிளேட் ஒன்றுதான் என்பதால், தோலை இழுக்காமல் ஒரே தரம் ஓட்டினால், மயிர் பெரும்பாலும் தோல் மட்டத்திலேயே வெட்டுப்படும். தடவினால் இலேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புத்தான் இந்தத் தோலுக்கு வேண்டிய மருந்து.

ஆனால் கருவி மட்டும் காப்பாற்றாது. பல பிளேட் ரேசருக்குப் பழகிய கை அழுத்தும். சேஃப்டி ரேசரில் அழுத்தினால் தோல் சீவுப்படும். ரேசரின் பாரமே போதும், கை வழிகாட்டினால் சரி. மூடியைக் கன்னத்தில் வைத்து, பிளேட் மயிரைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். சின்னச் சின்ன ஓட்டமாக, மயிர் போகும் பக்கமாக மட்டும் ஓட்டுங்கள். ஒரு தரம் முடிந்ததும் கழுவிவிட்டு எழும்பிவிட வேண்டும். கண்ணாடியில் இன்னும் கருமை தெரிகிறதே என்று எதிர்ப்பக்கமாக ஒரு தரம் இழுத்தால், சலூனில் நடந்ததையே வீட்டிலும் செய்தவர் ஆவோம். வீட்டு ரேசரின் உண்மையான நன்மை அந்த நிறுத்தும் உரிமை நம்மிடம் இருப்பதுதான்.

நம் கரையில் தண்ணீரும் இதில் சேர்ந்துகொள்கிறது. கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பு. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அது கூடும். உவர்த் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் படிகிறது. நுரை இல்லாத தோலில் பிளேட் வழுக்காது, உராயும். சவரத்துக்கு மட்டுமாவது ஒரு போத்தல் நல்ல தண்ணீரைச் சூடாக்கி எடுத்தால் பாதித் தொல்லை குறையும். வெதுவெதுப்பான தண்ணீர் மூன்று நிமிடம் முகத்தில் இருந்தால் மயிர் நீரை உறிஞ்சி மெத்தென்றாகும், வெட்டக் குறைந்த விசை போதும். பிளேட்டின் உருக்கைவிட மயிர் மிக மெதுமையானதுதான், ஆனாலும் அந்த உருக்கின் ஓரத்தைச் சிதைக்கக்கூடியது. மயிர் சாய்வாக மோதும்போது ஓரத்தின் பலவீனமான இடங்கள் சில்லுச் சில்லாகப் பெயர்வதை 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் காட்டினார்கள். இரண்டு ஓரத் தகடு மலிவானது, சில சவரத்தில் மாற்றிவிடலாம். உப்புக்காற்றில் ரேசரை நனைந்தபடி விடாமல் துடைத்து வையுங்கள்.

படிகாரக் கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வெட்டில் இரத்தத்தை நிறுத்த அது நல்லது. சலூனில் ஒரே கட்டி பல முகங்களில் உரசப்படுவது நல்லதல்ல. பிளேட்டை ஆளுக்கு ஒன்று மாற்றும் சலூன்கூட அதை மாற்றுவதில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

எந்த ரேசரையும் தொடுவதற்கு முன்னால், ஏற்கெனவே பரு நிறைந்த முகம் ஒரு மாதம் ஓய்வு கேட்கிறது. மயிர் நீளும்போது உள்ளே சிக்கிய நுனிகள் பெரும்பாலும் தாமாகவே விடுபட்டு வெளியே வரும். தோல் வைத்தியர்கள் முதலில் சொல்வதும் இதுதான். நம்மவர் அறியாத ஓய்வு அல்ல இது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் முகம் வழிப்பதில்லை. துடக்குக் காலத்தில் தாடி விட்டிருந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்களையும் இங்கே காணலாம். அந்த விரத முகத்தில் பரு வற்றியிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஆனால் விரதம் முடிந்த மறுநாளே நீண்ட தாடியில் பிளேட்டை வைப்பது மோசம். முதலில் கத்தரிக்கோலாலோ மெஷினாலோ குறுக்கிவிட்டுத்தான் ரேசரைத் தொட வேண்டும். சீழ் கட்டினாலோ, நீரிழிவு இருந்தாலோ வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கரையோர ஹோட்டல்களில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இந்த ஓய்வு கிடைப்பதில்லை. நாள்தோறும் வழித்த முகத்தோடு வரவேண்டும் என்கிறார்கள். மெஷினால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டிய முகம் அழுக்கான முகமல்ல. இதே திருகோணமலைத் துறைமுகத்தில் 1957 வரை தளம் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படை 1869இலேயே மாலுமிகளுக்கு முழுத்தாடியை அனுமதித்திருந்தது. அமெரிக்க விமானப்படை இந்த நோய் உள்ளவர்களுக்கு ஐந்து வருடம் வரையான சவர விலக்கை 2020இல் கொடுத்தது. போர்ப்படைகளால் முடிந்த இணக்கம் ஒரு விருந்தினர் விடுதியால் முடியாதென்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டு ரேசருக்கு இவ்வளவு சொன்ன பிறகும் சலூன்காரரிடம் கேட்டறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. தாடைக்குக் கீழே மயிர் எந்தப் பக்கம் போகிறதென்று நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சிலருக்கு அது மேல்நோக்கியும், சிலருக்குக் குரல்வளையை நோக்கிப் பக்கவாட்டாகவும், இடமும் வலமும் வெவ்வேறாகவும் போகும். அவர் விரலால் ஒருமுறை தடவியே சொல்லிவிடுவார். "அண்ணை, இதில மயிர் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுக் கழுத்தின் போக்கைத் தெரிந்துகொண்டு வீட்டில் ரேசரை எடுங்கள். கல்யாணம், திருவிழா என்று கதிரையில் உட்கார நேர்ந்தால், நுரை பூசுமுன்னே சொல்லிவிடுங்கள்: ஒருக்கா மட்டும், மயிர் போற பக்கமா, தோலை இழுக்காமல்.