ஈயச் சொம்பும் 42,088 குண்டுகளும்

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ பாட்டியோட ஈயச் சொம்பை உருக்கிட்டேன். ரசம் வைக்கறேன் பேர்வழின்னு சொம்பை கேஸ் அடுப்புல ஏத்திட்டு, புளித்தண்ணி ஊத்தறதுக்குள்ள ஆபீஸ்லேர்ந்து போன். பேசிட்டு வந்து பார்த்தா சொம்புக்கு அடியே இல்ல. பர்னர் மேல வெள்ளி மாதிரி ஒரு குட்டிக் குளம். பாட்டி திட்டல. "வெறும் சொம்பை அடுப்புல வைக்கக்கூடாதுன்னு நாலு வருஷம் இன்ஜினியரிங்ல சொல்லித் தரலியாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க :-)

அந்தக் குற்ற உணர்ச்சியில தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில உருகிடும். அதோட அண்ணன் காரீயம் 327 டிகிரி. செம்புக்கு 1085, இரும்புக்கு 1538. சாதாரண விறகு அடுப்புத் தணல் 600 டிகிரியை சுலபமா தாண்டும். அதாவது செம்புக்கும் இரும்புக்கும் உலை வேணும், துருத்தி வேணும், தொழில் தெரிஞ்ச ஆள் வேணும். காரீயத்துக்கு சமையல்கட்டு போதும். இந்த ஒரு வித்தியாசம் ஒரு யுத்தத்துல எப்படி விளையாடுச்சுன்னு பார்ப்போம்.

அமெரிக்கா அப்போ பிரிட்டனோட காலனி. 1750ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு இரும்புச் சட்டம் போட்டுச்சு. காலனியில புதுசா எஃகு உலையோ, இரும்பைத் தகடாக்கற ஆலையோ கட்டக்கூடாது. 1774ல துப்பாக்கியும் வெடிமருந்தும் அங்கே ஏற்றுமதி பண்ணவும் தடை. உலைன்னா கண்ணுக்குத் தெரியும், தடை போடலாம். ஆனா வீட்டு அடுப்புக்கு யார் தடை போட முடியும்?

1776 ஜூலை 9. நியூயார்க்ல வாஷிங்டனோட படைக்கு சுதந்திரப் பிரகடனத்தை வாசிச்சுக் காட்டினாங்க. கேட்ட சூட்டோட ஒரு கும்பல் பௌலிங் கிரீனுக்குப் போய் மூன்றாம் ஜார்ஜ் மன்னரோட குதிரைச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துக் கவிழ்த்துடுச்சு. 1770ல வெச்ச சிலை. மேலே தங்கப்பூச்சு, உள்ளே அத்தனையும் காரீயம். சுமார் 4,000 பவுண்டு எடைன்னு சொல்லுவாங்க.

துண்டு துண்டாக்கி கனெக்டிகட்ல இருக்கற லிட்ச்ஃபீல்டுக்கு அனுப்பினாங்க, ஆலிவர் உல்காட் வீட்டுக்கு. பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தர். அங்கே குண்டு வார்த்தது சிப்பாய்ங்க இல்ல, வீட்டுப் பொம்பளைங்களும் பசங்களும்.

அந்தக் கணக்கு இன்னிக்கும் இருக்கு. ரூத் மார்வின் 11,592. மேரி ஆன் 10,790. லாரா 8,378. திருமதி மார்வின் 6,058. திருமதி பீச் 1,802. பிரெடெரிக் 936. மத்தவங்க 2,182. ஊர்ப் படைக்குக் குடுத்தது 50, ஒரு ரெஜிமெண்டுக்குக் குடுத்தது 300. நம்ம புத்தி போகுமா, கூட்டிப் பார்த்தேன். சரியா 42,088 வருது. குண்டு ஒண்ணு ஒரு அவுன்ஸ்னு வெச்சா 2,630 பவுண்டு. மிச்சம்? வழியில காணாமப் போனதுல குதிரையோட வால் 1871ல வில்டன்கற ஊர்ல கிடைச்சுது.

நெருப்பு விஷயத்துக்கு வருவோம். அந்த ஊர் வீடுகள்ல அப்போ எரிச்சது விறகு. சுவாலையில வெச்சா சூடு ஏறி இறங்கும். தணல்ல வெச்சா சீரா நிக்கும். சூடு பத்தலைன்னா ஈயம் அச்சு முழுக்க ஓடாம குண்டு சுருங்கிப் போகும். கரியும் துருத்தியும் வெச்சு ரொம்ப ஏத்தினா ஈயம் காத்தோட சேர்ந்து மேலே சாம்பல் நிறத்துல ஏடு கட்டும், சரக்கு வீண். அதனால பெரிய உலையைவிட அடுப்புத் தணலே இதுக்குத் தோது. ஒரே எச்சரிக்கை, சொட்டுத் தண்ணி உள்ளே விழக்கூடாது. ஒரே நொடியில ஆவியாகி கொதிக்கற ஈயத்தை முகத்துல அடிக்கும்.

இதுவரைக்கும் வீரக்கதை. படிச்சப்போ எனக்கும் ஒரு விசில் அடிக்கத் தோணுச்சு. அப்புறம் பிறந்த வருஷத்தைப் பார்த்தேன். மேரி ஆன் 1765, பிரெடெரிக் 1767. பத்து வயசை ஒட்டின பசங்க.

காரீயம் விஷம். விறகுச் சூட்டுல ஆவி அதிகம் வராது, நிஜம்தான். ஆனா அந்த சாம்பல் ஏடு தூளாகிக் கையில ஒட்டும், கை வாய்க்குப் போகும். பெரியவங்களைவிட பசங்க உடம்பு அதை அதிகமா உறிஞ்சும்.

அப்போ யாருக்கும் தெரியாதேன்னு நினைக்காதீங்க. பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயசுல, 1724 வாக்குல, லண்டன் அச்சகத்துல வேலை பார்த்தார். ஈய எழுத்துகளை நெருப்பு முன்னாடி காய வைப்பாங்க. குளிருக்கு இதமா இருக்குன்னு சூடான எழுத்தையே எடுத்துக் கோத்திருக்கார். கை எலும்புல வலி. ஒரு வயசான தொழிலாளி, இப்படியே பண்ணினா கை விளங்காமப் போயிடும்னு எச்சரிச்சாராம். 1786ல ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல இதைச் சொல்லிட்டு, ஒரு உண்மை தெரிஞ்சும் ஜனங்க ஏத்துக்க எவ்வளவு காலம் ஆகுதுன்னு வருத்தப்படறார். அதே பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர்தான் அவரும்.

அடுப்பு போதும்கறதாலதான் எந்த சட்டத்தாலயும் தடுக்க முடியல. அதே அடுப்பு போதும்கறதாலதான் யுத்தம் பசங்க கை வரைக்கும் வந்துடுச்சு. 42,088ங்கற மொத்தத்தைவிட, பிரெடெரிக்கோட அந்த 936தான் மனசுல நிக்குது.

பாட்டிக்குப் புது சொம்பு வாங்கிக் குடுத்தாச்சு. இப்போ சமையல்கட்டுப் பக்கம் போனாலே "முதல்ல தண்ணி ஊத்து"ங்கறாங்க. உங்க வீட்டுலயும் சொம்பு உருகின கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எனக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.